ஒரு பொம்பள கேக்குது

நோன்பை எது முறிக்கும், எது முறிக்காது என்று எங்கள் ஊரில் பலரும் என்னிடம்தான் கேட்பார்கள். பள்ளிவாசலில் இமாம் இல்லாமல் இல்லை. அவர் வேலூர்ப் பக்கத்துக்காரர், ஹனபி மத்ஹபு, அதாவது மார்க்கச் சட்டத்தில் வேறு பிரிவு. சதுரங்கப்பட்டினத்தில் நாங்கள் ஷாபி. தொழவைக்க அவர் போதும்; சட்டம் கேட்க ஜனங்கள் என்னைத் தேடி வந்தார்கள். நான் இளமையில் சில வருடம் அரபிப் பாடசாலையில் ஓதியவன். பிறகு கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கி, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, திருக்கழுக்குன்றத்தில் உயர்நிலைப் பள்ளி வாத்தியாராக இருந்தேன். கிதாபும் தெரியும், விஞ்ஞானமும் தெரியும் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ரமலானில் ஒரு கேள்விக்கு நான் சரியான பதில் சொன்னேன். அந்தப் பதிலின்படி நடந்த என் மனைவி சாகும் நிலைக்குப் போனாள். அந்தக் கேள்வி அவளுடையது என்று எனக்குத் தெரியாது என்பதுதான் இத்தனை காலம் நான் சொல்லிவந்தது. அதைத் திருத்துவதற்காக இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. நோன்பு ஆடி, ஆவணியில் வந்துகொண்டிருந்தது. கடற்காற்று வருவதற்குள் பிற்பகல் உடம்பை உலர்த்திவிடும். கல்பாக்கத்தில் கட்டுமான வேலை மும்முரமாக நடந்த காலம். எங்கள் ஆட்கள் பலர் அங்கே கம்பி கட்டவும் வெல்டிங் வைக்கவும் போனார்கள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் படியில் என்னைச் சுற்றி உட்கார்வார்கள். கஞ்சிக்கு இன்னும் நேரம் இருக்கும். சட்டம் பேசினால் பசி தெரியாது.

டீக்கடைக்காரர் ஒருவர் கேட்டது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

"சார், காலீல ஒரு ஏப்பம் வந்துச்சி. சஹர்ல துன்ன மீன் கொழம்பு தொண்ட வரிக்கும் வந்து எட்டிப் பாத்துட்டு போச்சி. நோன்பு முறியுமா?"

"தானா உள்ள போச்சா, நீ முழுங்கினியா?"

"அது இன்னா சார், அத்த நிறுத்தி வெச்சா விசாரிக்க முடியும்?"

"வாய்க்கு வந்துச்சா?"

"வர்ல சார். ருசிகூட தெர்ல."

"ருசி தெரிஞ்சிருந்தா வுட்ருப்பானா இவன்?" என்றார் பக்கத்தில் இருந்த கம்பி கட்டுகிறவர். எல்லோரும் சிரித்தார்கள். முறியாது என்று தீர்ப்புச் சொன்னேன்.

அந்தக் கம்பி கட்டுகிறவரே மறுநாள் மாட்டிக்கொண்டார். செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் டீசல் நாற்றம் தாங்காமல் வாந்தி எடுத்திருக்கிறார். வாந்தி எடுத்ததும் நோன்பு போய்விட்டது என்று தாமாகவே முடிவு செய்து, இறங்கியதும் ரயில்வே ஸ்டேஷன் எதிரே இட்லி சாப்பிட்டுவிட்டார்.

"தானாக வந்த வாந்தியால் நோன்பு முறியாது. இட்லியால்தான் முறிந்தது" என்றேன். "ஒரு நோன்பு களா பண்ணணும்." களா என்றால் தவறியதை வேறு நாளில் பிடித்து ஈடுகட்டுவது.

"அட போ சார். வாந்தியும் எட்து, இட்லிக்கு துட்டும் குட்து, நோன்பும் போச்சா?"

இப்படி எச்சில், மூக்கிலிருந்து வடியும் ரத்தம், பல் ஈறு, காதில் விடும் மருந்து, தூக்கத்தில் நேர்வது என்று ஆண்களின் உடம்பில் நடப்பதெல்லாம் படியில் வைத்து வெளிப்படையாகப் பேசப்பட்டது. பெண்களின் கேள்வி படிக்கு வராது. கொல்லைப்புறமாக என் வீட்டுக்கு வரும். என் மனைவி அதை வாங்கி வைத்துக்கொண்டு, நான் சாப்பிட உட்காரும்போது சமையலறை நிலைப்படியில் நின்று, "ஒரு பொம்பள கேக்குதுங்க" என்று ஆரம்பிப்பாள்.

யார் என்று சொல்லக் கூடாது என்பது நான் போட்ட விதி. அந்தப் பெண்களின் கணவன்மாரோடு நான் தினமும் தோளோடு தோள் நின்று தொழுகிறேன். அவர்கள் வீட்டு அந்தரங்கம் எனக்கு எதற்கு? இந்த விதிக்காக ஊரில் எனக்கு நல்ல பெயர்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். மாதவிலக்கு நாளில் பெண்களுக்கு நோன்பு இல்லை. பிறகு களா செய்துகொள்ளலாம். ஆனால் எங்கள் வீடுகளில் அந்த நாட்களிலும் பெண்கள் எல்லோரோடும் சேர்ந்து விடியலுக்கு முன் சஹருக்கு எழுவார்கள், சாப்பிடுவார்கள், நோன்பாளிபோலவே நடமாடுவார்கள். பகலில் தாகம் எடுத்தால் அடுக்களை மூலையில் திரும்பி நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார்கள். ஆண்கள் பார்த்தாலும் பார்க்காததுபோல் போய்விடுவோம். தெரிந்தும் தெரியாமல் இருப்பது அங்கே மரியாதை. எனக்கு அந்த மரியாதை நன்றாகவே பழகியிருந்தது.

அந்த ரமலான் பிறந்து சில நாளில் என் மனைவி நிலைப்படியில் நின்றாள்.

"ஒரு பொம்பள கேக்குதுங்க. மாசாமாசம் வர்றது இந்த வாட்டி நிக்கவே இல்லியாம். போன மாசத்துலேருந்து போய்க்கினே கீதாம். நோன்பு புடிக்கலாமா, தொழலாமான்னு கேக்குது."

"வழக்கமா எத்தனை நாளாம்?"

அவள் சொன்னாள்.

"எப்போ ஆரம்பிச்சுதாம்?"

அதையும் சொன்னாள்.

வழக்கமாக இப்படி நான் குறுக்குக் கேள்வி கேட்டால், "கேட்டுகினு வந்து சொல்றேங்க" என்று கொல்லைப்புறம் போவாள். மறுநாள்தான் பதில் வரும். அன்று அவள் எங்கும் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். அதை நான் கவனித்தேன். கையில் சோற்றோடு ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுபடி சாப்பிட ஆரம்பித்தேன்.

பதில் எனக்கு மனப்பாடம். மாதவிலக்குக்கு எங்கள் மத்ஹபில் மிஞ்சிப்போனால் பதினைந்து நாள். அதைத் தாண்டிப் போனால் அவளுடைய வழக்கமான நாட்கள் மட்டும் விலக்கு. மீதியெல்லாம் நோயால் வரும் உதிரம். அந்த உதிரம் தொழுகையைத் தடுக்காது, நோன்பை முறிக்காது. குளித்து, ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் சுத்தம் செய்து, துணி கட்டி, கை கால் முகம் கழுவி ஒளு செய்து தொழ வேண்டும். நோன்பும் பிடிக்க வேண்டும். இத்தோடு நிறுத்தாமல், கேட்காத ஒரு நுணுக்கத்தையும் சேர்த்துச் சொன்னேன்: நோன்பு நேரத்தில் பஞ்சை உள்ளே வைக்கக் கூடாது, உள்ளே எதுவும் போனால் நோன்பு முறியும், வெளியே மட்டும் கட்டிக்கொள்ள வேண்டும் என்று. இந்த இடத்தைப் பலர் தவறவிடுவார்கள் என்றும் சொன்னேன்.

"சொல்றேங்க" என்றாள்.

அதே பாடத்தில் நோயாளி நோன்பை விட்டுவிடலாம் என்றும் இருக்கிறது. அந்த உதிரத்தை நோய் என்றுதான் சட்டமே சொல்கிறது. நோய் என்ற சொல்லை நானே என் வாயால் சொன்னேன். ஆனால் நோய் என்றால் வைத்தியம் வேண்டும் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. முறியுமா, முறியாதா என்பதோடு என் வேலை முடிந்தது.

மறுநாளிலிருந்து என் மனைவி விடாமல் தொழுதாள். எல்லா நோன்பும் பிடித்தாள். வழக்கமாக ரமலானில் சில நாள் அவள் அடுக்களை மூலையில் திரும்பி நிற்பாள். அந்த வருடம் அது இல்லை. தொழுகிற பெண்ணைப் பார்த்து எந்தக் கணவன் உடம்புக்கு என்ன என்று கேட்பான்? என் பதிலே அவளுடைய நோயை மூடி வைத்துவிட்டது.

ஆனால் நான் பார்த்த வேறு சிலதும் உண்டு. கிணற்றடிக் கொடியில் துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போட்ட பழைய புடவைத் துணிகள் நாள் தவறாமல் தொங்கின. அவற்றை நான் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் பார்த்தேன். மாலையில் ஒளுவுக்குத் தண்ணீர் இறைக்கும்போது அவசரம் இல்லாமலும் பார்த்தேன். ஒரு பக்கம் தொழுகை, ஒரு பக்கம் அந்தத் துணிகள். இரண்டையும் சேர்த்தால் விடை என்ன என்று என் வகுப்புப் பையனே சொல்லிவிடுவான்.

பிறகு ஒருநாள் இரண்டாவது கேள்வி வந்தது.

"அதே பொம்பளதாங்க. நின்னா தல சுத்துதாம். கண்ணு இருட்டிக்கினு வருதாம். நோன்ப வுட்டுடலாமான்னு கேக்குது."

"நோன்பு பிடிச்சா எல்லாருக்கும்தான் தலை சுத்தும். உயிருக்கு ஆபத்துன்னு டாக்டர் சொன்னா விடலாம்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "அந்தப் பொம்பளைக்கு நோன்பு பிடிக்க மனசு இல்ல போலிருக்கு, சட்டத்துல சந்து தேடுறா" என்றும் சொல்லிச் சிரித்தேன்.

"அப்படியெல்லாம் இல்லீங்க" என்றாள். "நல்ல பொம்பளதான்."

ஏன் கேட்கவில்லை என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கேட்டால் அது சட்டப் பிரச்சினையாக இருக்காது, என் வீட்டுப் பிரச்சினையாகிவிடும். பள்ளிக்கு லீவு போட வேண்டும், செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும். கல்யாணமாகி ஆறேழு வருடமாகியும் பிள்ளை இல்லை. டாக்டர் என்ன சொல்வாரோ என்ற பயமும் இருந்தது. எல்லாவற்றையும்விட, நான் பதில் சொல்லியாகிவிட்டது. பதில் சரியாக இருந்தது. அதை யாரும் குலைக்க வேண்டாம் என்று இருந்தேன்.

பெருநாளுக்குப் பத்து நாள்போல இருக்கும்போது அவள் கிணற்றடியில் விழுந்தாள். அன்று அரைநாள் பள்ளி முடிந்து வந்து சைக்கிளை நிறுத்துகிறேன், வாளி கல்லில் உருளும் சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தால் அவள் சுவரில் சாய்ந்து கிடந்தாள். புடவை முழுக்க ரத்தம். உதடு வெள்ளைக் காகிதம்போல இருந்தது. பக்கத்துத் தெருவிலிருந்த அவளுடைய ராத்தா, அதாவது அக்கா, சத்தம் கேட்டு ஓடிவந்தார். தங்கையின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து அலறினார்.

"இன்னா தம்பி, பாத்துகினு நிக்கிறீங்க? ஒரு மாசத்துக்கு மேல போய்க்கினு கீது. நீங்க புடிக்கச் சொன்னீங்கன்னு நோன்பு புடிச்சிகினு கீறா!"

"எனக்கு யாரும் சொல்லலையே" என்றேன்.

"சொல்லாமயா மஸாலா சொன்னீங்க? நீங்க தெரிஞ்சிதான் சொன்னீங்கன்னு நாங்க வாய மூடிகினு இருந்தோம்." மஸ்அலா என்ற சட்டச் சொல் எங்கள் பெண்கள் வாயில் மஸாலாவாகத்தான் வரும். அன்று அதை நான் திருத்தவில்லை.

அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்குக் கிளம்பிய வேன் தெருமுனையில் வந்தது. கை நீட்டினேன். ஓட்டியவரை முகம் தெரியும், அவ்வளவுதான்.

"மீன் கெட்டுப்போயிடுமே" என்று நானே சொன்னேன்.

"யோவ், ஏறு சார். மீனு இன்னிக்கி போனா நாளிக்கி வர்து. அம்மாவ தூக்கு மொதல்ல."

முன் சீட்டில் அவளை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து நடுவில் நான் உட்கார்ந்தேன். ராத்தா அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் டிரைவர் நான் கேட்காமலே வண்டியை நிறுத்தி ஒரு கோலி சோடா வாங்கி வந்தார்.

"இந்தா சார், குடிக்கவை. நாக்கு ஒலந்து பூட்ச்சி பாரு."

சோடாவை அவள் வாய்க்குக் கொண்டுபோனேன். தலையை ஆட்டினாள்.

"நோன்புங்க."

"பரவாயில்ல, விட்டுடு. குடி."

"தல சுத்துனா வுடக்கூடாதுன்னு சொன்னீங்களே."

"அது வேற. நீ குடி."

"வேற இல்லீங்க" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "அந்த பொம்பள நான்தாங்க."

"தெரியும்" என்றேன்.

அவளைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை; அதனால்தான் உண்மை வந்துவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சோடாவை என் கையிலிருந்து வாங்கித் தானே குடித்தாள். செங்கல்பட்டு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் எத்தனை நாளாக என்று கேட்டார். ஒரு நாள்கூடப் பிசகாமல் சொன்னேன். "இவ்வளவு கரெக்டா தெரிஞ்சிருக்கு. ஏன் கூட்டிட்டு வரல?" என்றார். பதிலுக்காக அவர் காத்திருக்கவில்லை.

கர்ப்பப்பையில் கட்டி. ரத்தம் ஏற்ற வேண்டும், கணவர் கொடுக்க முடியுமா பாருங்கள் என்றார்கள். என் ரத்தம் அவளுக்குச் சேரும் என்று ஆயிற்று. நர்ஸ் கேட்டாள்:

"சாப்ட்டீங்களா சார்?"

"நோன்பு."

"வெறும் வயித்துல எடுக்க மாட்டோம். வாசல் கேட்டாண்ட போய் டீயும் பன்னும் துன்ட்டு வாங்க."

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நோன்பு திறக்கும் மக்ரிபுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் இருந்தது. உடம்பிலிருந்து ரத்தம் எடுப்பதால் எங்கள் மத்ஹபில் நோன்பு முறியாது, அதனால் சாப்பிடாமலே எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண்ணுக்கு விளக்கத் தொடங்கினேன். இதையும் நான் மறைக்கக் கூடாது.

"எனக்கு அதெல்லாம் தெரியாது சார். நீங்க மயக்கம் போட்டு வுழுந்தா ஒங்களையும் நான்தான் தூக்கணும். ஒங்க வூட்டம்மாக்கு ரத்தம் வோணுமா, வாணாமா?"

வெளியே போய் டீ குடித்தேன். ரத்தம் போய்க்கொண்டே இருந்த ஒருத்தி இரண்டு வாரத்துக்கு மேல் நோன்பு பிடித்திருக்கிறாள். எனக்கோ ரத்தம் கொடுப்பதற்காக ஒரு நோன்பை ஒரு மணி நேரம் முன்னால் விடுவதற்குக் கடிகாரம் பார்க்க வேண்டியிருந்தது. அந்த டீ தொண்டையில் இறங்கும்போது இதுதான் மனதில் ஓடியது.

அவள் பிழைத்தாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். முன்னாலேயே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுக்கப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். பார்த்திருக்கலாம் என்றுதான் சொன்னார், நிச்சயம் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு சில காலம் ஆறுதல் அடைந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

அதற்குப் பிறகு என் மனைவி சாப்பாட்டு நேரத்தில் நிலைப்படியில் வந்து நின்று எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. பெண்கள் கொல்லைப்புறம் வருவது நிற்கவில்லை. கேள்விகள்தான் என்னிடம் வருவதில்லை. இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு ரமலானில் உள்ளே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அவள் குரல் கேட்டது.

"அவர கேட்டா முறியுமா முறியாதான்னுதான் சொல்வாரு. நீ மொதல்ல ஆஸ்பத்திரி போய்ட்டு வா. மஸாலா எங்கியும் ஓடிடாது."

வந்தவள் ஏதோ மறுத்துச் சொன்னாள்.

"அடி போடி. என் வயித்த பாத்துட்டு பேசு" என்றாள் என் மனைவி. இருவரும் சிரித்தார்கள். நான் எழுந்து போகவில்லை.

நாங்கள் நன்றாகத்தான் வாழ்ந்தோம். அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம் இறந்துபோனாள். அந்த ஆஸ்பத்திரி வார்டில் அவள் என்னிடம் கேட்ட இரண்டு கேள்விகளைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். பிற்பகல். பக்கத்துக் கட்டில்காரி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மறுபடி நோன்பு பிடிக்க ஆரம்பித்திருந்தேன்.

"நான் புடிச்ச நோன்பெல்லாம் கூடுமாங்க?" என்று கேட்டாள். இந்தத் தடவை எந்தப் பொம்பளையும் நடுவில் இல்லை.

"கூடும். எல்லாம் செல்லும்" என்றேன். அது சட்டப்படியும் சரி, என் மனமறியவும் சரி.

அவள் போர்வையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "வண்டியில தெரியும்னீங்களே, எப்பத்துலேருந்து தெரியும்?" என்றாள்.

"நீ கிணத்தடியில விழுந்தப்போதான். ராத்தா சொன்னாங்களே" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள். அவள் முகம் இளகியது. கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே தூங்கிப்போனாள். அதை நம்பியேதான் வாழ்ந்தாள் என்று நினைக்கிறேன். நம்பவில்லை என்றால், நம்பியதுபோல் இருந்திருக்கிறாள்; அந்த மரியாதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பொய் நோன்பின் நன்மையைக் கொண்டுபோய்விடும், நோன்பை முறிக்காது. எங்கள் மத்ஹபில் சட்டம் அப்படி. அன்று மாலை பாங்கு கேட்டதும் வார்டு வராந்தாவில் உட்கார்ந்து, ராத்தா கொண்டுவந்த பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தேன். அந்த நோன்பை நான் களா செய்யவில்லை. சட்டப்படி அது கூடிவிட்டது.